எல்லை தாண்டிய தொற்றுத் தடுப்பு: முதலில் ஒரே அளவுகோல்

இரண்டு நாட்டு மருத்துவமனைகள் தொற்றுத் தடுப்பில் சேர்ந்து வேலை செய்ய முடிவெடுத்ததும் நடக்கும் முதல் காணொளிக் கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கத்து ஐ.சி.யூ. மருத்துவர், "எங்களுக்கு மாதம் நாலு சென்ட்ரல் லைன் தொற்று வருகிறது" என்பார். (சென்ட்ரல் லைன் என்பது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் குழாய்.) மறுபக்கத்துத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், "எங்களுக்கு 1.2" என்பார். இருவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாலு என்பது எத்தனை பேரில், எத்தனை நாளில் என்று யாரும் கேட்பதில்லை. 1.2 என்பது எதற்கு எவ்வளவு என்றும் கேட்பதில்லை. ஒரு வருடம் கழித்து "என்ன முன்னேற்றம்?" என்று நிர்வாகம் கேட்கும்போது, காட்ட ஒன்றும் இருக்காது.

பணமோ மனமோ இல்லாமல் நின்றுபோகும் கூட்டு முயற்சிகளைவிட, இப்படி ஒரே சொல்லை இருவர் இரண்டு பொருளில் சொல்லிக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்ட முயற்சிகள்தான் எங்களுக்கு அதிகம் வருத்தம் தருபவை. இரு பக்கமும் உழைத்திருப்பார்கள். உழைப்பு மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. அதனால் இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி சொல், எண், அளவு பற்றியவை. கை கழுவச் சொல்லும் சுவரொட்டி எல்லா மருத்துவமனையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, குறுகிய கால உள்நோயாளி சிகிச்சை தரும் பொதுவான மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படும் 100 பேரில், வசதி மிகுந்த நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும், அங்கேயே குறைந்தது ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

வகுக்கும் எண்

சென்ட்ரல் லைன் வழியாக இரத்தத்தில் ஏறும் தொற்றை அளக்க எங்கும் ஏற்கப்பட்ட முறை, தொற்றுகளின் எண்ணிக்கையை லைன்-நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குவது. லைன்-நாள் எடுப்பது எளிது. தினமும் ஒரே நேரத்தில், வார்டில் சென்ட்ரல் லைன் போட்டிருக்கும் நோயாளிகளை எண்ண வேண்டும். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் அவர் ஒன்றுதான். இன்று 6 பேர், நாளை 7, மறுநாள் 5 என்றால் மூன்று நாளில் 18 லைன்-நாட்கள். மாதம் 4 தொற்று, 180 லைன்-நாள் என்றால் 1000-க்கு 22.2 வரும். அதே 4 தொற்று 1600 லைன்-நாட்களில் என்றால் 2.5. "மாதம் நாலு" என்ற ஒரே வாக்கியம் இந்த இரண்டு வார்டுக்கும் பொருந்தும்.

எண்ணுவதில் ஓட்டை விழுவது வாரக் கடைசியில். எண்ணும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருந்தால், அவர் விடுப்பில் போன சனி, ஞாயிறுக்கும் திங்களுக்கும் சேர்த்து ஒரே பேனாவில், ஒரே எண் மூன்று கட்டத்தில் ஏறியிருக்கும். ரிஜிஸ்டரைப் புரட்டும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். எண்ணும் வேலையை ஒரு ஆளிடம் கொடுக்காமல் இரவுப் பணி ஒப்படைப்போடு சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஒப்படைக்கும்போது வெண்டிலேட்டர் எத்தனை, சிறுநீர் கதீட்டர் எத்தனை, சென்ட்ரல் லைன் எத்தனை என்று மூன்று எண் எழுதினால் போதும்.

எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கண்காணிப்பு வரையறையில், லைன் போட்டு இரண்டு நாட்காட்டி நாட்கள் கடந்து, மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வரும் தொற்றுதான் கணக்கில் சேரும். லைனை எடுத்த அன்றோ மறுநாளோ வந்தாலும் சேரும். தோலில் இயல்பாக வாழும் கிருமி ஒரே ஒரு இரத்த மாதிரியில் வளர்ந்தால் அது சேராது. வெவ்வேறு முறை எடுத்த இரண்டு மாதிரியில் அதே கிருமி வளர வேண்டும், காய்ச்சல், குளிர்நடுக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி போன்ற அறிகுறி ஒன்றும் இருக்க வேண்டும். ஐரோப்பிய வரையறை வேறு மாதிரி போகும். எது சிறந்தது என்று வாதாட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் அதையே தாய்மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டால் போதும். அதன்பின் பெயரை நீக்கிய பத்து நோயாளிகளின் குறிப்புகளை இரு பக்கத்துச் செவிலியர்களும் தனித்தனியே படித்து "தொற்று உண்டு, இல்லை" என்று குறித்து ஒப்பிட வேண்டும். பத்தில் மூன்றில் கருத்து வேறுபட்டால் வரையறை இன்னும் ஒன்றாகவில்லை என்று பொருள். இந்த ஒரு மணி நேரப் பயிற்சி, பின்னால் ஒரு வருடத் தவறான கணக்கைத் தவிர்க்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்காத ஐ.சி.யூ.வில் தொற்று பூஜ்யமாகத்தான் வரும். காய்ச்சல் வந்ததும் ஆண்டிபயாடிக் ஏற்றிவிட்டு, கல்ச்சரைப் பிறகு அனுப்பும் வழக்கம் உள்ள இடத்திலும் அப்படியே. அதனால் தொற்று விகிதத்தோடு, 1000 நோயாளி-நாளுக்கு எத்தனை முறை இரத்தக் கல்ச்சர் எடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மி.லி. இரத்தம் போக வேண்டும். 3 மி.லி. போட்டு அனுப்பினால், இருக்கும் கிருமியும் வளராமல் போகலாம். ஒரு வார்டில் பாட்டில்கள் எவ்வளவு நிரம்புகின்றன என்று ஒரு வாரம் பார்த்தால் நிலைமை விளங்கிவிடும்.

இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: ஒழுங்காக எண்ணத் தொடங்கிய முதல் சில மாதங்களில் விகிதம் ஏறும். வார்டு கெட்டுப்போனதால் வரும் ஏற்றம் இல்லை இது, இதுவரை கண்ணில் படாதவை இப்போது படுகின்றன. இதைச் சொல்லாமல் தொடங்கினால், முதல் வரைபடத்தைப் பார்த்ததும் யாரையாவது குற்றம் சாட்டுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து செவிலியர்கள் தொற்றை எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். பயந்த வார்டில் உண்மையான எண் கிடைக்காது.

எது பயணம் செய்யும், எது செய்யாது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து செய்த வேலையின் முடிவு 2006-ல் வெளியானது. சென்ட்ரல் லைன் தொற்றின் இடைநிலை அளவு (ஐ.சி.யூ.க்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 1000 லைன்-நாளுக்கு 2.7 ஆக இருந்தது, மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. செய்தவை ஐந்து: கை சுத்தம், லைன் போடும்போது உடல் முழுக்க மறைக்கும் கிருமி நீக்கிய துணியும் கவுன், தொப்பி, மாஸ்க், கிளவுஸும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்வது, தொடை இடுக்கில் போடுவதைக் கூடியவரை தவிர்ப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுப்பது.

இந்த ஐந்தையும் அச்சடித்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பலர். ஆனால் மிச்சிகனில் ஆறாவதாக ஒன்று இருந்தது. படிகளில் ஒன்றைத் தாண்டினால், அவசரம் இல்லாத நிலையில், மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டிருந்தது. அந்த அதிகாரம் தாளோடு சேர்ந்து போகாது. மூத்த மருத்துவரிடம் செவிலியர் வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்று கருதும் இடத்தில், பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும், தொற்று மட்டும் குறையாது. இதற்கு வழி, மருத்துவமனைத் தலைவரே கையெழுத்திட்டு, "செவிலியர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், காரணம் பிறகு பேசப்படும்" என்று ஒரு வரி உத்தரவு தருவது. வெளிநாட்டு விருந்தினர் சொன்னால் அது அறிவுரையாகவே நிற்கும்.

பொருள் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பெரிய துணி ஒரு அலமாரியில், கவுன் இன்னொரு அறையில், குளோர்ஹெக்சிடின் ஸ்டோரில் என்றிருந்தால் இரவு இரண்டு மணிக்கு யாரும் மூன்றையும் தேடிப் போக மாட்டார்கள். எல்லாம் ஒரே தள்ளுவண்டியிலோ ஒரே பெட்டியிலோ இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்தவர் அடுத்ததை நிரப்பி வைக்க வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையை எத்தனை வகுப்பு எடுத்தாலும் செய்ய முடியாது.

அறுவை சிகிச்சை அறையில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்கும் பாதுகாப்புப் பட்டியலின் கதையும் இதையே காட்டுகிறது. டொரான்டோ, புது டெல்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, இஃபகாரா, லண்டன், சியாட்டில் ஆகிய எட்டு நகரங்களின் மருத்துவமனைகள் ஒரே பட்டியலைப் பயன்படுத்தின. 2009-ல் வந்த முடிவில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கும், சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கும் இறங்கியிருந்தன. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் பட்டியல் கட்டாயமாக்கப்பட்டபோது, 2014-ல் வந்த ஆய்வு குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. பட்டியல் ஒன்றுதான். அறைக்குள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, பெயர் சொல்லி, ஆண்டிபயாடிக் போட்டாயிற்றா என்று உரக்கக் கேட்டுப் பதில் வாங்குவது பழக்கமானால்தான் அது வேலை செய்யும் என்பது எங்கள் கருத்து. ஆண்டிபயாடிக் கத்தி வைப்பதற்கு முன் 120 நிமிடத்துக்குள் போயிருக்க வேண்டும். வார்டிலேயே காலையில் போட்டு அனுப்பிவிடும் இடங்களில், நோயாளி அறைக்குள் போவதற்குள் மருந்தின் அளவு இறங்கத் தொடங்கிவிடும். முடியை மழிப்பது இன்னொரு பிடிவாதமான வழக்கம். பிளேடு தோலில் நுண்ணிய கீறல்களை விடுகிறது. முடியை அகற்றியே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் மட்டும்தான்.

கைத்தேய்ப்புத் திரவம்: பத்து லிட்டர் கணக்கு

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் தீதியே பித்தே தலைமையில் 1994 முதல் 1997 வரை நடந்த முயற்சியில், கை சுத்தத்தைக் கடைப்பிடிப்பது 48 சதவீதத்திலிருந்து 66-க்கு ஏறியது. மருத்துவமனைத் தொற்று 16.9-லிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. ஆல்கஹால் திரவம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது இதில் பெரும் பங்கு. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய இயக்கமாக எடுத்துக்கொண்டது. திரவத்தை விலைக்கு வாங்க முடியாத மருத்துவமனைகள் தாங்களே தயாரிக்க ஒரு செய்முறையையும் தந்தது. நாடு கடந்த ஒத்துழைப்பில் இதைவிடப் பயனுள்ள கொடை குறைவு.

10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி. மீதி 10 லிட்டர் வரை, காய்ச்சி வடித்த நீர் அல்லது கொதித்து ஆறிய நீர். எத்தனால் கிடைக்காவிட்டால் 99.8 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 7515 மி.லி., மற்றவை அதே அளவு. முடிவில் எத்தனால் 80 சதவீதமாக (75 முதல் 85 வரை ஏற்கலாம்) அல்லது ஐசோபுரொப்பைல் 75 சதவீதமாக நிற்க வேண்டும்.

மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் இது நடக்க வேண்டும். தவறுகள் எங்கே வருகின்றன என்றால், முதலாவது கிளிசரால். அது குழம்பு போலக் கெட்டியானது, அளவுக் குவளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்துவிட்டு எடுத்துவிட்டால் ஒரு பகுதி குவளையிலேயே தங்கும், கை வறண்டு வெடிக்கும், ஊழியர்கள் திரவத்தையே தொட மாட்டார்கள். குவளையைக் கொஞ்சம் நீர் விட்டு அலசி, அந்த நீரையும் கலவையில் ஊற்ற வேண்டும். அடுத்தது பெராக்சைடு. சில நாடுகளில் ஸ்டோருக்கு வருவது 3 சதவீதம், சிலவற்றில் 30 சதவீதம். லேபிளைப் படிக்காமல் 417 மி.லி. ஊற்றினால் பத்து மடங்கு போய்விடும். மூன்றாவது, ஆல்கஹாலின் சதவீதம் கன அளவிலா, எடையிலா என்பது. இரண்டும் வேறு எண்கள். ஆல்கஹால்மானி பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு அளவு குறிக்கப்பட்டது என்பதால், வெக்கையான அறையில் வாசிப்பைத் திருத்தாமல் எழுதினால் தரமான கலவையையே தவறென்று கொட்டிவிட நேரும், அல்லது நீர்த்த கலவை தேறிவிடும்.

கலந்ததும் பாட்டிலில் அடைத்து 72 மணி நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆல்கஹாலிலோ பாட்டிலிலோ இருக்கும் ஸ்போர்களை (கிருமிகளின் விதை போன்ற கடினமான உறக்க வடிவம்) பெராக்சைடு அழிப்பதற்கான நேரம் அது. கையில் உள்ள கிருமியைக் கொல்வது ஆல்கஹாலின் வேலை. தேவை நெருக்கும்போது இந்த மூன்று நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள், கையிருப்பை மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் 50 லிட்டருக்கு மேல் தயாரிக்க வேண்டாம். 80 சதவீத எத்தனால் கலவை 17.5 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். பாதி காலியான பாட்டிலின் மேல் ஊற்றி நிரப்பக் கூடாது. கழுவி, கிருமி நீக்கி, உலர்த்திய பிறகே நிரப்ப வேண்டும்.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் ஸ்போர்களை இந்தத் திரவம் ஒன்றும் செய்யாது. அங்கே சோப்பும் நீரும், 40 முதல் 60 விநாடி.

கை சுத்தத்தை ஆடிட் செய்து இரு மருத்துவமனைகள் ஒப்பிட நினைத்தால், ஒரு வார்டுக்கு, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய 200 தருணங்களையாவது பார்க்க வேண்டும். ஒரு அமர்வு 20 நிமிடம், ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கவனிக்க வேண்டாம். காணொளியில் ஒரே காட்சியைப் போட்டு, இரு நாட்டு ஆடிட்டர்களும் தனித்தனியே குறித்துப் பார்ப்பது நல்லது. "நோயாளியைத் தொட்ட பின்", "நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின்" என்ற இரண்டில்தான் கருத்து பிரியும். கட்டில் கம்பி இந்த இரண்டில் எதற்குள் வருகிறது என்பதை அப்போதே பேசி முடித்துவிடலாம்.

பாகை, சதவீதம், பங்கு

குளோரின் கரைசல் கிருமியை அழிக்கிறதா என்பது, பாட்டிலில் எழுதியிருப்பதை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கம் உள்ள நாடுகளில் ப்ளீச்சின் வலிமை குளோரோமெட்ரிக் பாகையில் குறிக்கப்படும். ஒரு பாகை ஏறத்தாழ 0.3 சதவீத செயல்படு குளோரின். "12" என்று இருப்பதை 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 0.5 சதவீதக் கரைசல் செய்யப் போனால், உள்ளே இருப்பது சுமார் 3.6 சதவீதம்தான் என்பதால் கையில் கிடைப்பது 0.15 சதவீதம். இரத்தம் சிந்திய தரையில் அது போதாது.

கணக்கு எளிது: இருக்கும் வலிமையை வேண்டிய வலிமையால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு எத்தனை பங்கு நீர் என்பது வரும். 5 சதவீதத்திலிருந்து 0.5 வேண்டுமானால் 9 பங்கு நீர். 0.1 வேண்டுமானால் 49 பங்கு. "ஒன்றுக்குப் பத்து" என்று வாயால் சொல்லாதீர்கள். ஒருவர் ஒன்றோடு பத்து சேர்ப்பார், இன்னொருவர் மொத்தம் பத்தாக்குவார். 70 சதவீதக் குளோரின் தூள் என்றால் லிட்டருக்கு 7 கிராம், அது 0.5 சதவீதம். 1 கிராம் செயல்படு குளோரின் தரும் மாத்திரையானால் லிட்டருக்கு ஒன்று 0.1 சதவீதம், ஐந்து 0.5 சதவீதம். மாத்திரையின் எடையும் அது தரும் குளோரினும் ஒன்றல்ல என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். முதலில் துடைத்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, அதன் பிறகுதான் கரைசல். ஒளியும் வெப்பமும் குளோரினைத் தின்னும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், கலந்த நேரத்தை வாளியில் எழுத வேண்டும். அமிலமோ அம்மோனியாவோ உள்ள வேறு துப்புரவுத் திரவத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும்.

எண்களைப் பற்றிப் பேசும்போதே தசமப் புள்ளியையும் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். அவர்களுக்கு 1.000 மி.கி. என்றால் ஆயிரம் மில்லிகிராம். மற்றவர்களுக்கு அது ஒரு மில்லிகிராம். பகிரும் ஆவணங்களில் ஆயிரத்தைப் பிரிக்க எந்தக் குறியும் வேண்டாம், முழு எண்ணுக்குப் பின் தசமப் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம். தேதியும் அப்படியே. 03/04 என்றால் மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா? வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமில்லை. எக்செல் கோப்பு ஒரு நாட்டுக் கணினியில் திறக்கும்போது தேதிகளைத் தானே புரட்டிப்போடும். தொற்று வந்த தேதி லைன் போட்ட தேதிக்கு முன்னால் இருக்கும் வரிசைகளைத் தேடினால் புரண்டவை அகப்படும்.

ஆய்வகத்திலும் இதே கதை. ஒரு கிருமி ஒரு மருந்துக்கு அடங்குமா என்று முடிவு செய்ய, ஐரோப்பாவின் யூகாஸ்ட், அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்று இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒரே கிருமி ஒன்றில் மருந்துக்கு அடங்குவதாகவும் மற்றதில் அடங்காததாகவும் வரலாம். 2019 முதல் யூகாஸ்ட் முறையில் "ஐ" என்ற எழுத்துக்கு "மருந்தளவைக் கூட்டினால் அடங்கும்" என்று பொருள். மற்ற முறையில் படித்தவர் அதை "நடுத்தரம், தவிர்க்கலாம்" என்று படித்துவிட்டு, தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்குத் தாவிவிடுவார். முடிவுத் தாளில் எந்த முறை, எந்த வருடப் பதிப்பு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுத்தை மட்டும் அனுப்பாமல், மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் மில்லிமீட்டரையோ, வளர்ச்சியை நிறுத்திய மருந்தின் செறிவையோ அனுப்பினால் மறுபக்கம் தன் அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

கொடையாக வரும் கருவி

ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தால் கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரம்) கொடுப்பதென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மின்னழுத்தம் என்ன, நீரின் கடினத்தன்மை என்ன, கதவு ரப்பர் வளையம் தேய்ந்தால் எங்கே கிடைக்கும், கையேடு எந்த மொழியில், பழுது பார்ப்பவர் யார். இவற்றுக்குப் பதில் இல்லாமல் வந்து இறங்கிய கருவி, ஒரு வளையத்துக்காக மூலையில் நிற்கும்.

உயரமான இடங்களில் இன்னொன்று சேரும். அழுத்தமானி காட்டுவது சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேலே உள்ள அளவை மட்டும். கடல் மட்டத்தில் 15 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்றால் உள்ளே 121 பாகை. 2000 மீட்டர் உயரத்தில் அதே 15-ல் நிறுத்தினால் உள்ளே 117 பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், 121-ஐத் தொட 18 வரை ஏற்ற வேண்டும். சமவெளியில் பயிற்சி பெற்றவர் "15 வந்துவிட்டது" என்று நேரத்தை எண்ணத் தொடங்கினால், வெளியே வரும் கருவிகள் கிருமி நீங்கியவை அல்ல. அழுத்தத்தை நம்பாமல் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப் நிறம் மாறுவது அது வெப்பத்துக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டும் அடையாளம். உள்ளே வைக்கும் வேதிக் காட்டியும், ஜியோபேசில்லஸ் ஸ்போர்கள் கொண்ட உயிரியல் சோதனையும் தனியே வேண்டும். ஈரமாக வெளிவந்த பொட்டலத்தைக் கிருமி நீங்கியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள், ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும்.

கூட்டம்

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஆப்பிரிக்க மருத்துவமனைகளை மற்ற நாட்டு மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கிய திட்டத்தில் ஆறு படிகள் வைத்தது: கூட்டாளிகளை அமைப்பது, தேவையைப் பார்ப்பது, இடைவெளியைக் கண்டறிவது, திட்டமிடுவது, செய்வது, மதிப்பிடுவது. வரிசை நல்லது. ஆனால் இரண்டாம் படியைத் தாண்டி நேராக ஐந்தாவதற்குப் பாய்வதுதான் வழக்கமாகிவிட்டது.

தேவையைப் பார்க்க, எட்டுப் பிரிவுகளுக்குத் தலா 100 என்று மொத்தம் 800 மதிப்பெண் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவம் 2018 முதல் இருக்கிறது. 200 வரை போதாது, 400 வரை அடிப்படை, 600 வரை இடைநிலை, அதற்கு மேல் மேம்பட்டது. தனியாக உட்கார்ந்து நிரப்பினால் மதிப்பெண் கூடிவிடும். "வழிகாட்டி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்" எழுதும் முன், அந்த வழிகாட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கடைசியாகத் திருத்திய வருடத்தைப் பார்க்க வேண்டும். இரு மருத்துவமனையும் இதை நிரப்ப வேண்டும், வசதி மிகுந்த பக்கமும். அங்கேயும் 250 படுக்கைக்கு ஒரு முழுநேரத் தொற்றுத் தடுப்பு ஊழியர் என்ற குறைந்தபட்சம் நிறைவேறியிருக்கிறதா என்று பார்த்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

காணொளிக் கூட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முதல் 20 நிமிடம் ஒரு தொற்று, அதை முன்வைப்பவர் வார்டுச் செவிலியர். பேராசிரியரைக் கடைசியில் பேச விடுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒரு சிலர் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள், மற்றவர்கள் மாற்ற மாட்டார்கள். அழைப்பில் உலகப் பொது நேரத்தைக் குறிப்பிட்டால் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருக்க நேராது. புண்ணின் படம் அனுப்பும்போது முகம், பச்சை குத்திய அடையாளம், கட்டிலில் தொங்கும் பெயரட்டை எதுவும் தெரியக் கூடாது.

எல்லை கடக்கும் நோயாளி

வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் நோயாளியோடு மருந்துக்கு அடங்காத கிருமியும் வரலாம். நெதர்லாந்தில் வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து நேராக வருபவரைத் தனியறையில் வைத்துச் சோதனை செய்த பிறகே பொது வார்டுக்கு அனுப்பும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை 2009-ல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பழைய அடையாளம் காணும் கருவிகள் அதை வேறொரு கேண்டிடாவாகக் காட்டியதால் பல வார்டுகளில் அது கண்ணில் படாமல் சுற்றியது. கட்டில், மானிட்டர் மீது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் சிலவற்றுக்கு அடங்காது.

அனுப்பும் மருத்துவமனை கடிதத்தோடு தொலைபேசியிலும் சொல்ல வேண்டியவை: கடைசி ஒரு வருடத்தில் எந்தெந்த நாட்டில் படுக்கையில் இருந்தார், எந்தக் கிருமி எந்தத் தேதியில் எந்த மாதிரியில் வளர்ந்தது, இப்போது உடலில் எந்தெந்தக் குழாய் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, எந்த ஆண்டிபயாடிக் எத்தனையாவது நாள், அதே வார்டில் தொற்றுப் பரவல் ஏதும் நடக்கிறதா. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத மருத்துவமனைகள் தயங்கும். கடிதத்தில் எழுதத் தயங்கினால் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் இருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். முன்பே அறிமுகமானவர்களாக இருந்தால் இரண்டு நிமிட வேலை அது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் காணொளிக் கூட்டங்களின் மிகப் பெரிய பயன் இந்த அறிமுகம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பெறும் பக்கம் எடுக்க வேண்டிய மாதிரிகள், மெத்திசிலின் என்ற ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிக்கு மூக்கு, தொண்டை, ஆசனவாய்ப் பகுதி. கார்பபெனம் வகை ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத குடல் கிருமிக்கு மலக்குடல். கேண்டிடா ஆரிஸுக்கு அக்குளும் தொடை இடுக்கும். முடிவு வரும் வரை தனியறை, கவுன், கிளவுஸ்.

முடிவு வந்ததும் அதை அனுப்பிய மருத்துவமனைக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது நடப்பதில்லை, நோயாளி போய்விட்டார் என்று இரு பக்கமும் கோப்பை மூடிவிடுகிறார்கள். அவர் படுத்திருந்த கட்டிலுக்கு இடப்புறமும் வலப்புறமும் இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் சோதனை செய்ய அந்த வார்டுக்குத் தேவைப்படுவது கிருமியின் பெயர், மாதிரி எடுத்த தேதி, கட்டில் எண் என்று மூன்றே விவரம்.